கேனிங் குன்றிலிருந்து கேவனா பாலம் வரை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சிங்கப்பூருக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. ஊர் திருமயம் பக்கம். அங்கே கொத்தனார் வேலை பழகினேன், இங்கேயும் பூச்சு வேலைதான். துவாஸ் பக்கம் டார்மிட்டரியில் தங்கியிருக்கிறேன். ஃபோர்ட் கேனிங் பூங்காவிலிருந்து கேவனா பாலம் வரை நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தச் சின்னத் தூரத்துக்கு ஒரு பகல் போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். 35 நிமிஷத்தில் நடந்து முடித்துவிட்டேன். பார்த்ததெல்லாம் வெள்ளைக்காரன் பேர். கேனிங், கோல்மன், எல்ஜின், கேவனா. நம்ம பேர் ஒன்றுகூட இல்லை. ராத்திரி அம்மா போனில், "என்னப்பா பார்த்தே?" என்று கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, ஒரு பார்க்கு, ஒரு பாலம்" என்றேன். தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்களுக்கு அங்கே அப்படி என்ன தெரிந்தது?

ம., சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

தப்பாக ஒன்றும் எழுதவில்லை. வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளை என் பேச்சை நம்பிச் செலவழித்திருக்கிறீர்கள். நான்தான் இன்னும் விவரமாக எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர்கள். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். வாரிசு இழப்புக் கொள்கை என்றால் டல்ஹௌசி. சிப்பாய்க் கலகம் என்றால் கேனிங். அவருக்குப் பின் வந்தவர் எல்ஜின். கல்கத்தாவில் உட்கார்ந்து இந்தியாவை அடுத்தடுத்து ஆண்ட மூன்று பேர். மூவரும் நீங்கள் நடந்த அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். குன்று கேனிங் பெயரில், பாலம் எல்ஜின் பெயரில். டல்ஹௌசிக்கு ஒரு தூண் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். காரணம் இதுதான்: 1867 வரை சிங்கப்பூர் இந்தியாவோடு சேர்ந்த நிர்வாகம். உத்தரவு கல்கத்தாவிலிருந்து வரும். நீங்கள் போய் நின்ற பாலத்துக்குப் பெயர் கொடுத்த கேவனா, அந்த ஏற்பாட்டின் கடைசி கவர்னர். ஆகவே அந்தப் பெயர்களைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். சென்னை மாகாணத்துக் கைதியும் சிப்பாயும் வட்டிக்கடைச் செட்டியாரும் அந்தக் கரைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற கணக்கு அவற்றில்தான் இருக்கிறது.

இனி குன்று. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலுக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? அது இந்தக் குன்றின் அடிவாரம்தான். மேலே ஆங்கிலேயர்கள் கோட்டை கட்டத் தொடங்கியது 1859. கீழே செட்டியார்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியதும் அதே 1859. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். மேலே பீரங்கி, கீழே வேல். கோட்டையில் இன்று வாசலும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். காவடி இன்றைக்கும் அந்தக் கோயிலுக்கு வருகிறது.

அதற்கும் முன்னால் மலாய்க்காரர்கள் அந்தக் குன்றை 'புக்கிட் லாராங்கான்', தடுக்கப்பட்ட குன்று, என்று சொல்லி ஏறாமல் இருந்தார்கள். பழைய அரசர்கள் இருந்த இடம் என்ற பயம். அந்த நினைவு வெறும் கதை இல்லை. 1984-இல் தொடங்கிய அகழாய்வில் 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன.

நான் ஒரு பகல் முழுக்கத் தங்கிப்போனதற்கு முக்கியமான காரணம் ஒரு கல். ஆறு கடலில் சேரும் இடத்தில், இன்றைய கேவனா பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஆளைவிட உயரமான ஒரு பாறை நின்றது. அதில் ஏறத்தாழ 50 வரி எழுத்து. 1843-இல் ஆற்றின் முகத்துவாரத்தை அகலப்படுத்த வேண்டும் என்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சியதில் ஒரு துண்டு கல்கத்தாவுக்குப் போய், பிறகு திரும்பி வந்தது. குன்றின் மறுபுறம் இருக்கும் தேசிய அரும்பொருளகத்துக்கு உரியது அது. நான் பார்த்தபோது கண்ணாடிக்குள் இருந்தது. தேய்ந்த சிறு சிறு எழுத்துகள். இன்றுவரை முழுதாகப் படித்தவர் இல்லை.

அந்தக் கல் முழுசாக நின்ற காலத்தில் நேரில் பார்த்து எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், அராபிய, தமிழ் வழி வந்தவர், தமிழும் படித்தவர். ஊரே போய் அந்தக் கல்லைப் பார்த்ததாம். இந்துக்கள் இது எங்கள் எழுத்து என்றார்கள், படிக்க முடியவில்லை. சீனர்கள் எங்கள் எழுத்து என்றார்கள். அப்துல்லாவுக்கே அது அரபு எழுத்துப் போலத் தோன்றியது. உடைத்தது தகாத செயல் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் 'நம்ம பேர் ஒன்றுகூட இல்லை' என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. புது ஊரில் இறங்கியவன் தன் எழுத்தைத் தேடுவான். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கல்லைப் பற்றி யாராவது 'அது தமிழ்தான்' என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

நம் எழுத்து வேறு இடத்தில் இருக்கிறது. குன்றிலிருந்து இறங்கி, ஹில் ஸ்ட்ரீட்டில் வண்ண வண்ண ஜன்னல் வைத்த பழைய போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டி ஆற்றங்கரையோடு வந்தால், எல்ஜின் பாலம் கழித்துப் பழைய நாடாளுமன்றத்தின் முன்னால் ஒரு வெண்கல யானை நிற்கும். 1871-இல் சயாம் ராஜா வந்துபோன நினைவாகக் கொடுத்தது. அதையும் தாண்டி, விக்டோரியா அரங்குக்குப் பக்கத்தில் கூர்மையான உச்சியோடு ஒரு வெள்ளைத் தூண். இதுதான் டல்ஹௌசி தூண். 1850-இல் அவர் இங்கே வந்துபோனதற்காக எழுப்பியது. பெரும்பாலானவர்கள் நிழலுக்கு ஒதுங்கி, செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தூணைச் சுற்றி வாருங்கள். ஆங்கிலம் வரும், சீனம் வரும், அரபு எழுத்தில் எழுதிய மலாயான ஜாவி வரும். தமிழும் வரும்.

அதன் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வாய்க்குள் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். வணிகத்துக்குத் தடை இல்லாமல் இருப்பதன் நன்மையைச் சொல்லும் வாசகம் அது. கவிதை இல்லை, சர்க்கார் மொழிதான். ஆனால் 1850-இல் அந்த ஆற்றங்கரையில் ஒரு செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டுமானால் தமிழிலும் எழுதியாக வேண்டும் என்ற நிலை இருந்திருக்கிறது. படிக்க ஆள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எம்.ஆர்.டி ரயில் ஸ்டேஷனில் இன்று நீங்கள் பார்க்கிற தமிழ்ப் பலகைக்கு முன்னோர் அது. அடுத்த முறை அம்மா போன் செய்யும்போது வீடியோவில் அதைக் காட்டுங்கள்.

அங்கிருந்து பாலம் கூப்பிடு தூரம். 1869-இல் திறந்தது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. அதைப் பொருத்தி நிறுத்தியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. திறப்பதற்கு முன் தாங்குமா என்று பார்க்க 120 சிப்பாய்களை அதன்மேல் நடக்கவிட்டார்களாம். பாலத்தின் முனையில் ஒரு பழைய போலீஸ் அறிவிப்பு இருக்கும்: மூன்று ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி ஏறக் கூடாது; மாடும் குதிரையும் ஏறவே கூடாது. நகரத்தின் போக்குவரத்தைத் தாங்க முடியாமல் போனதால் பக்கத்திலேயே 1910-இல் ஆண்டர்சன் பாலம் வந்தது. இது நடப்பவர்களுக்கு என்று ஆகிவிட்டது. மாலையில் போய் நடுவில் நில்லுங்கள். ஆட்கள் கூட்டமாகப் போகும்போது காலுக்குக் கீழே லேசாக ஓர் அதிர்வு ஏறும். எனக்கு அந்த 120 ஜோடிக் கால்கள் கேட்டன.

பாலத்தைக் கடந்து சில நிமிடம் நடந்தால் சூலியா ஸ்ட்ரீட். சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களை அழைத்த பெயர் அது. அடுத்தாற்போல் மார்க்கெட் ஸ்ட்ரீட். உங்கள் பக்கத்துச் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைக் கூடங்கள், வரிசையாக இருந்த தெரு. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒருவருக்கு ஒரு பாய் அகல இடம், ஒரு பெட்டி. பகலில் அங்கேயே வரவுசெலவு, ராத்திரி அங்கேயே படுக்கை. ஊரில் யாராவது பெரியவர்கள் 'பெட்டியடிப் பையனாகப் போனேன்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இப்போது அங்கே உயரக் கட்டடங்கள்தான்.

கடைசியாக, இது உங்களுக்கென்றே. என் கட்டுரையில் இல்லாதது. தூணிலிருந்து வடக்கே பாடாங் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856-இல் தொடங்கி, 1861-இல் முதல் வழிபாடு நடந்தது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825-இல் வந்த முதல் கூட்டத்தில் 80 பேர் சென்னை மாகாணத்துக்காரர்கள். அதற்குப் பிறகு பல கப்பல்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை, சுவர்தான் இருக்கிறது. உள்ளே பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை. மூன்றையும் விழுதாக இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலப்பார்கள். பூசிக் காய்ந்ததும் உருண்டைக் கல்லால் தேய் தேய் என்று தேய்த்து, மாக்கல் பொடி தூவி மெருகேற்றுவார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் தூணில் கன்னம் வைத்தால் சில்லென்று இருக்குமே, அந்தக் குடும்பத்துப் பூச்சு.

அந்தச் சுவர்களை எனக்கு அழகு என்று சொல்லத்தான் தெரியும். எத்தனை கோட்டு ஓட்டியிருப்பார்கள், எங்கே நிறுத்தி எங்கே தொடர்ந்திருப்பார்கள், பிற்காலத்தில் எங்கே திருத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கரணை பிடித்த கைக்குத்தான் தெரியும். போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள் தம்பி. காத்திருக்கிறேன்.