கேலக்ஸிக் கொத்துகளில் புது நட்சத்திரங்கள் பிறப்பது நின்றுபோய்விட்டது என்கிறார்களே, உண்மையா?

ஈர்ப்பு விசையால் ஒன்றாகப் பிணைந்த கேலக்ஸிகளின் பெருங்கூட்டம்தான் கொத்து. அதன் நடுப்பகுதியை மட்டும் வைத்துச் சொன்னால், பெரும்பாலும் உண்மை. கொத்து முழுவதற்கும் சேர்த்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்பிட்சர் தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படங்களோடு என் ஆய்வுக் காலத்தைக் கழித்தவன் நான். அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள கோமா கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவை பெரும்பாலும் மஞ்சளும் சிவப்புமான நீள்வட்ட கேலக்ஸிகள். இளம் நட்சத்திரங்களுக்கே உரிய நீலம் அங்கே அரிது. நெரிசல் கூடக் கூட இப்படிப்பட்ட கேலக்ஸிகளின் பங்கும் கூடுகிறது என்று வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 1980-இல் காட்டினார். அதனால் கொத்து என்றாலே வயதான கேலக்ஸிகளின் கூட்டம் என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

ஆனால் நட்சத்திரம் பிறப்பதே அடர்ந்த வாயுவுக்கும் தூசிக்கும் நடுவில்தான். இளம் நட்சத்திரம் கொட்டும் புற ஊதா ஒளியைத் தூசி விழுங்கிச் சூடாகி, அதே ஆற்றலை அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. மும்முரமாக நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் பல சமயம் சாதாரண ஒளியில் நன்றாக மறைந்தும் இருக்கும். இந்த அகச்சிவப்பில் பெரும்பகுதியை நம் வளிமண்டலம் தடுத்துவிடும். அதனால்தான் 1995-இல் ஐஎஸ்ஓ, 2003-இல் ஸ்பிட்சர், 2009-இல் ஹெர்ஷல் என்று திரவ ஹீலியத்தில் குளிரவைத்த கருவிகளை விண்வெளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரே கொத்தின் சாதாரண ஒளிப் படத்தையும் 24 மைக்ரான் அலைநீளத்தில் எடுத்த அகச்சிவப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் நடுவிலிருக்கும் ராட்சத நீள்வட்ட கேலக்ஸிகள்தான் கண்ணை நிறைக்கும். இரண்டாவதில் அவற்றில் பல மங்கிவிடும். முதல் படத்தில் ஓரத்தில் யாரும் கவனிக்காத, செம்மை படிந்த ஒரு சின்ன வட்டு வடிவ கேலக்ஸி இங்கே பளிச்சென்று நிற்கும். நீங்கள் தேட வேண்டிய இடம் அந்த ஓரம்தான்.

ஏபெல் 1763 இதற்கு நல்ல உதாரணம். அதன் ஒளி நம்மை வந்தடைய சுமார் 280 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்துக் கொத்தான ஏபெல் 1770-இன் திசையில் நீளும் ஓர் இழை (கேலக்ஸிகள் வரிசையாக அமைந்த நீண்ட பாதை) வழியாக அதற்குள் கேலக்ஸிகள் வந்து சேர்கின்றன. டாரியோ ஃபாடா குழுவினர் 2008-இல் ஸ்பிட்சர் தரவை வைத்துப் பார்த்தபோது, தீவிரமாக நட்சத்திரம் பிறப்பிக்கும் கேலக்ஸிகளின் விகிதம் கொத்தின் மற்றப் பகுதிகளைவிட அந்த இழையில் இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

உள்ளே நுழைந்த பிறகு நிலைமை மாறுகிறது. கொத்து முழுக்கக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு நிரம்பியிருக்கிறது. காற்றே இல்லாத நாளிலும் பைக்கில் வேகமாகப் போனால் முகத்தில் காற்று அறையுமே, அதுபோல நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும் கேலக்ஸியை அந்த வாயு அறைந்து, அதன் சொந்த வாயுவை உருவிவிடுகிறது. நார்மா கொத்திலுள்ள ஈஎஸ்ஓ 137-001 இப்போது இந்தப் பாடுதான் படுகிறது. அதன் வாலில் வெதுவெதுப்பான மூலக்கூறு ஹைட்ரஜன் இருப்பதை ஸ்பிட்சர் காட்டியது. நட்சத்திரத்துக்கான மூலப்பொருள் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

நடுப்பகுதிக்கும் விதிவிலக்கு உண்டு. ஃபீனிக்ஸ் கொத்தின் மைய கேலக்ஸியில் ஆண்டுக்குப் பல நூறு சூரியன்களின் நிறை அளவுக்கு நட்சத்திரங்கள் உருவாகின்றன. நம் பால்வீதியில் அது ஒன்றிரண்டு சூரிய நிறைதான்.

காலத்தில் பின்னோக்கிப் போனால் இந்த விதியே தலைகீழாகிறது. சுமார் 960 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலையில் நமக்குத் தெரியும் ஒரு கொத்தை கிம்-வி டிரான் குழுவினர் 2010-இல் ஆராய்ந்தார்கள். அங்கே நெரிசல் கூடக் கூட நட்சத்திரம் பிறப்பிக்கும் கேலக்ஸிகளின் விகிதமும் கூடியது! எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த முடிவு இது. இன்று ஓய்ந்து கிடக்கும் நீள்வட்ட கேலக்ஸிகளின் நட்சத்திரங்கள் எப்போது பிறந்தன என்ற கேள்விக்கு அது வழிகாட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை: 24 மைக்ரானில் மின்னுவதெல்லாம் பிறப்பு அல்ல. மையக் கருந்துளை சூடாக்கிய தூசியும் அங்கே ஒளிரும். ஹெர்ஷல் பார்த்த நீண்ட அலைநீளங்களையும் நிறமாலையையும் ஒப்பிட்ட பிறகே எது எதுவென்று பிரிக்க முடியும்.

ஸ்பிட்சர் 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் அதன் படங்கள் கால்டெக்கின் ஐஆர்எஸ்ஏ காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏபெல் 1763 என்று தேடி 24 மைக்ரான் படத்தை இறக்கி, டிஎஸ்9 மென்பொருளில் திறந்து, நடுவை விட்டு ஓரங்களைப் பாருங்கள்.