தொட்டித் தண்ணீரிலிருந்து தொடங்கலாம்

கேள்வி: முக்கூடல் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஊர் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை. டாக்டரானால்தான் இரண்டும் முடியும் என்கிறார்கள். பெரிய ஆய்வகம் எதுவும் அருகில் இல்லாத நான் இப்போதே ஏதாவது தொடங்க முடியுமா? பீடி சுற்றும் என் அம்மாவுக்கு ஒரு மாதமாக இருமல் இருக்கிறது. அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மாவின் இருமலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஆராய்ச்சிக்கு உரியதன்று, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இருக்கிறதா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத்தின் அரிச்சுவடி. அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையும், நோய் இருந்தால் அதற்கான சிகிச்சையும் இலவசம். புகையிலைத் தூள் மூச்சுக்குழாயை உறுத்துவதாலும் இருமல் வரலாம். எது காரணம் என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. இந்த வாரமே அம்மாவை அழைத்துச் செல்லுங்கள், பீடித் தட்டைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கு நுண்ணோக்கியைவிட முதலில் வேண்டியது ஒழுங்காக எண்ணுகிற பழக்கம். 2012இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவி, கடையநல்லூர்ப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் சேமித்து வைக்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ‘இது நல்ல தண்ணியில்லா, இதுல எப்படிப் புழு வரும்?’ என்று நம் ஊரில் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியை மெல்லத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் கொசுப் புழுக்கள், உங்கள் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். ஓரிரு நிமிடம் அசையாமல் நின்றால், மூச்சு வாங்க மீண்டும் மேலே வரும்.

உங்கள் தெருவில் ஐம்பது வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டாரின் அனுமதி பெற்று, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், சிமெண்ட் தொட்டி, டிரம், ஆட்டுரல், சிரட்டை, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு என்று தண்ணீர் நிற்கும் ஒவ்வொன்றையும் பார்த்துக் குறியுங்கள். ஆறு வீடுகளில் புழு இருந்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது வீட்டுக் குறியீடு 12. அந்த ஆறு வீடுகளிலும் சேர்த்து ஒன்பது பாத்திரங்களில் புழு இருந்தால், நூறு வீடுகளுக்குப் பதினெட்டுப் பாத்திரங்கள், அதாவது பிரெட்டோ குறியீடு 18. சுகாதாரத் துறையினர் கையாளும் கணக்கும் இதுவே. ஐப்பசி, கார்த்திகை மழையின்போது மட்டுமல்லாமல், குழாயில் தண்ணீர் வராமல் மக்கள் குடம் குடமாகப் பிடித்து வைக்கும் கோடையிலும் எண்ணிப் பாருங்கள். மழை இல்லாத மாதத்திலும் கொசு ஏன் பெருகுகிறது என்ற நல்ல ஆய்வுக் கேள்வி உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே எழுந்து நிற்கும்.

எண்ணியதோடு நின்றுவிடாதீர்கள். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் தொட்டியை வாரம் ஒரு முறை காலி செய்யச் சொல்கிறார்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் சாகாமல், தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்தக் காரணத்தைச் சொன்னால் ஆச்சிமார்கூடக் கேட்பார்கள். வெறும் உத்தரவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கணக்கின் நகலை உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். பதினேழு வயது வரையுள்ளோருக்கான தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் இதை அனுப்பலாம். தமிழ்நாட்டில் அதை நடத்துவதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பங்கேற்கிறது. பரிசுக்காக ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதீர்கள். எவருடைய இரத்தத்தையும் சளியையும் தொடாதீர்கள், அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பயிற்சியும் வேண்டும்.

டாக்டராகத்தான் வேண்டுமா என்றால், அதுவும் ஒரு வழி. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. நீட் எழுதி, 1965இல் தொடங்கிய நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு சமூக மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கலாம். இடம் கிடைக்காவிட்டால் கனவு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விலங்கியலில் பட்டம் பெற்றவர்கள் கொசு போன்ற நோய் பரப்பும் உயிரிகளை ஆராயும் புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுகலை படிக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அந்த வழிதான். எதில் போனாலும் புள்ளியியல் கைகொடுக்கும், கணக்கை விட்டுவிடாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பிக்கலாம். முதல் வீடாக உங்கள் வீட்டையே எழுதிக்கொள்ளுங்கள். அங்கே புழு இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.