படுக்கையருகே காலியாகும் தண்ணீர்ச் சொம்பு

உங்கள் மகனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது நீங்கள் ஊட்டி வளர்த்த சோற்றாலோ பாலாலோ அல்ல, அம்மா. கடிதம் முழுவதும் நீங்கள் நேரடியாகக் கேட்காமல் தவித்திருப்பது இதற்காகத்தான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். கோதுமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1960-களில் அமெரிக்க மருத்துவர் டோஹன் கருதியது உண்மைதான். ஆனால் எல்லா நோயாளிகளும் சப்பாத்தியை விலக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பாலையும் தாராளமாகக் கொடுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி: இரண்டு மாதமாக இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், படுக்கையருகே வைக்கும் சொம்புத் தண்ணீர் விடிவதற்குள் காலியாகிவிடுகிறது. அவர் சாப்பிடும் மனநல மருந்தான ஓலான்சபின் பசியைக் கடுமையாகத் தூண்டும். அவர் எடை 14 கிலோ கூடியதற்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல. அம்மருந்தால் நீரிழிவும் வரலாம். இந்த வாரமே இரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுவது), கொழுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். இந்நோயாளிகளில் சிலர் அளவு மீறித் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கி வலிப்பு வருவதும் உண்டு என்பதால் சோடியத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மயக்கம் போன்ற தூக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உணவு மூளையைப் பாதிக்கும் வழிகளில் நான் அன்றாடம் காண்பது இதுதான்: கட்டுப்படாத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்து, நோயால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கவனத்தையும் நினைவாற்றலையும் மேலும் தளர்த்துகின்றன. ஆகவே சர்க்கரை போட்ட தேநீரையும், தாகத்துக்கென்று அவர் வாங்கிக் குடிக்கும் குளிர்பானத்தையும் முதலில் நிறுத்துங்கள். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காய், கீரை, சுண்டல், முட்டை, மீன் வையுங்கள்.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு பற்றிய காணொளியைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கியதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. இவ்வுணவு பற்றி 2024-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்றவர்கள் 21 பேர், காலம் நான்கு மாதம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அவர்களும் மனநல மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டுதான், மருத்துவர் கண்காணிப்பில், உணவை மாற்றினார்கள். மருந்து குறைந்தால் நோய் திரும்பக்கூடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மீண்டு வருவது கடினமாகிக்கொண்டே போகலாம். இன்றே உங்கள் மனநல மருத்துவரை அழைத்து, குறைத்த விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எடையை அதிகம் கூட்டாத வேறு மருந்துக்கு மாற்றுவதா, சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சேர்ப்பதா என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர் தீர்மானிப்பார்.