கதவோர ஸ்டிக்கர் என்ன சொல்கிறது? பிக்கப் ட்ரக் கேள்வி-பதில்

கேள்வி: புதிதாக ஃபோர்டு எஃப்-150 வாங்கியிருக்கிறோம். நான்கு கதவு, ஐந்தரை அடி பெட் (பின்னால் சரக்கு வைக்கும் தொட்டி). மனைவி, இரண்டு பிள்ளைகளோடு யூட்டா, கொலராடோ மண்சாலைகளில் ஒரு வாரம் சுற்ற ஆசை. ஸ்டீல் பம்பர், வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்), டாப்பர் (பெட்டை மூடும் கூரை), கூரை டென்ட், டிராயர், ஃபிரிட்ஜ், 35 அங்குல டயர் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதை முதலில் வாங்குவது? (டாலஸ் வாசகர்)

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் அளவும் காற்றழுத்தமும் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் உங்கள் பட்ஜெட். விளம்பரத்தில் சொல்லும் எண்ணை மறந்துவிடுங்கள். அது ஏதோ ஒரு குறிப்பிட்ட அமைப்பில் கிடைக்கும் அதிகபட்சம். கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், பெரிய வீல் என்று வசதி ஏற ஏற அது குறையும். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குள் சில நூறு பவுண்டு வித்தியாசம் சாதாரணம்.

உங்கள் ஸ்டிக்கரில் 1,640 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டாங்க் நிறைய பெட்ரோல் வண்டியின் எடையிலேயே அடக்கம். ஓட்டுபவர் அடக்கமில்லை. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் சேர்ந்து 440. பழைய பம்பரைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பம்பர் போட்டால் கூடுதலாக 140, வின்ச்சுக்கு 65. ஃபைபர்கிளாஸ் டாப்பர் 200, அதன்மேல் ரேக்கும் டென்ட்டும் 190. டிராயர் 220, சாப்பாட்டோடு ஃபிரிட்ஜ் 80. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 10 கேலனுக்கு 83. கேனில் 10 கேலன் பெட்ரோல், கேனோடு சேர்த்து 75. பேட்டரியும் வயரிங்கும் 60. மீட்புக் கயிறு, கம்ப்ரசர், கருவிகள் 90. சமையல் சாமான், படுக்கை, துணிமணி 180. பெரிய டயர் ஒவ்வொன்றும் 20 பவுண்டு கூடுதல் என்றால் ஸ்டெப்னியோடு ஐந்துக்கு 100. கூட்டினால் 1,923. முதல் கிலோமீட்டர் ஓட்டும் முன்பே 283 பவுண்டு அதிகம்.

இதைச் சொன்னால், "பின்னால் ஏர்பேக் போட்டுக்கொள்ளுங்கள், 5,000 பவுண்டு தாங்கும்" என்று கடையில் சொல்வார்கள். இந்த ஏர்பேக் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக மாட்டும் காற்றுப்பை. அது வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். அவ்வளவுதான். ஆக்சில், வீல் பேரிங், பிரேக், சேஸ் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. வண்டி சாய்ந்து நிற்காததால் அதிக சுமை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

உங்கள் பட்டியலில் முதலில் வெட்ட வேண்டியவை பம்பரும் வின்ச்சும். அதில் 205 மிச்சம். டிராயருக்குப் பதில் மூடி போட்ட கனமான பிளாஸ்டிக் பெட்டிகளைப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் 190 மிச்சம். இப்போது 1,528. கூரை டென்ட்டையும் விட்டுத் தரையில் டென்ட் அடித்தால் இன்னும் நல்லது. டாப்பர் கூரைமேல் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். வண்டி நிற்கும்போது டாப்பர் தாங்கும் எடை வேறு, ஓடும்போது தாங்கும் எடை வேறு. டென்ட் வாங்குமுன் இரண்டாவது எண்ணை டாப்பர் விற்பவரிடம் கேளுங்கள்.

எல்லாம் ஏற்றிய பிறகு குடும்பத்தோடும் முழு டாங்கோடும் நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஒருமுறை ஏறிவிடுங்கள். செலவு 15 டாலர் சுமாருக்கு வரும். முன்சக்கரம் முதல் தட்டிலும் பின்சக்கரம் இரண்டாவது தட்டிலும் நிற்க வேண்டும். சீட்டில் இரண்டு ஆக்சில் எடையும் தனித்தனியாக வரும். கதவோரத்தில் இன்னொரு ஸ்டிக்கரில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் உரிய வரம்பு இருக்கிறது. மொத்தம் சரியாக இருந்து பின் ஆக்சில் மட்டும் தாண்டுவது அடிக்கடி நடப்பது. தண்ணீரையும் ஃபிரிட்ஜையும் பெட்டின் முன்பக்கம், கேபினை ஒட்டி நகர்த்தினால் கொஞ்சம் சரியாகும்.

எதையும் விட மனமில்லை என்றால் எஃப்-250, ராம் 2500 வகைக் கனரக பிக்கப்புக்குப் போக வேண்டும். அங்கேயும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டீசல் என்ஜினே பல நூறு பவுண்டைத் தின்றுவிடும். ராம் 2500 பவர் வேகனில் தொழிற்சாலையிலேயே வின்ச், இரண்டு ஆக்சிலிலும் லாக்கர் (இரு பக்கச் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுவது) எல்லாம் வருகிறது. ஆனால் மென்மையான ஸ்பிரிங் காரணமாக அதன் சுமைத்திறன் 1,500 பவுண்டைச் சுற்றித்தான். சாதாரண எஃப்-150 பலவும் அதைவிட அதிகம் சுமக்கும்.

கேள்வி: வண்டியோடு 20 அங்குல வீல் வந்தது. அதிலேயே 35 அங்குல டயர் போட்டுவிடலாம் என்கிறார் டயர்க்காரர். போடலாமா? (ஃபீனிக்ஸ்)

மண்சாலையில் உங்களுக்கு வேண்டியது டயரின் உயரத்தைவிட ரப்பர் பக்கச்சுவரின் உயரம். 20 அங்குல வீலில் 35 டயர் போட்டால் பக்கச்சுவர் 7.5 அங்குலம். 18 அங்குல வீலில் 33 டயர் போட்டாலும் அதே 7.5 அங்குலம்தான். இரண்டாவதில் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் தேவைப்படாது, ஃபெண்டர் உரசாது, மைலேஜ் அவ்வளவு அடிவாங்காது, ஸ்டெப்னி பெட்டுக்கு அடியில் அதன் பழைய இடத்திலேயே நுழையவும் வாய்ப்பு அதிகம். இந்த ஸ்டெப்னி விஷயத்தைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். 35 அங்குல டயர் அடியில் நுழையாமல் அதைப் பெட்டுக்குள் நிறுத்தி, பாதி இடத்தை இழந்தவர்கள் ஏராளம். பழைய சிறிய ஸ்டெப்னியே போதும் என்று விட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் அளவு பொருந்தாமல், முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாதிக்கப்படும். 18 வீல் வாங்குமுன் உங்கள் பிரேக் காலிப்பரில் இடிக்காதா என்று ஒரு வீலை மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

35 தான் வேண்டும் என்றால் ஸ்பீடோமீட்டரையும் திருத்த வேண்டும். 32 அங்குலத்திலிருந்து போனால் 60 மைல் என்று காட்டும்போது உண்மையில் 65-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

டயரின் அளவுக்கு முன்னால் எல்டி (LT, லைட் ட்ரக்) என்று இருக்கிறதா பாருங்கள். கார் வகையான பி-மெட்ரிக் டயரின் பக்கச்சுவர் மெல்லியது. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் யுபிஹீபி பள்ளத்திலிருந்து ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போகும் 27 மைல் மண்சாலை இந்த வகை டயர்களைக் கிழிப்பதற்குப் பேர்போனது. ஓட்டையைச் சொருகி அடைக்கும் கிட் டயரின் மிதிபகுதிக்கு மட்டும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் முழு அளவு ஸ்டெப்னி தவிர வழியில்லை.

எல்டி டயர் மாற்றியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, கதவோரம் போட்டிருக்கும் பழைய 35 பிஎஸ்ஐயையே அடைப்பது. அது பி-மெட்ரிக் டயருக்கான எண். அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்கு அதிகக் காற்று வேண்டும். டயர் நிறுவனத்தின் சுமை-அழுத்த அட்டவணையை, உங்கள் கேட் ஸ்கேல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். நல்ல சாலையில் குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகிப் பிரிந்துவிடும்.

மண்ணில் இறங்கியதும் காற்றை இறக்குங்கள். வரிவரியான சரளைச் சாலைக்கு 25-28 பிஎஸ்ஐ, ஆழ்மணலுக்கு 15-18. சுமை ஏற்றிய பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூட வையுங்கள். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் வீல் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். திரும்ப அடைக்க, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் குட்டி கம்ப்ரசர் போதாது. முதல் டயர் முடிவதற்குள் சூடேறி நின்றுவிடும். பேட்டரியிலேயே கிளிப் மாட்டும் வகையை வாங்கி, என்ஜினை ஓடவிட்டு அடையுங்கள்.

கேள்வி: மணலில் சிக்கினால் நண்பரின் வண்டி டிரெய்லர் பந்தில் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டில்) கயிறு கட்டி இழுத்தால் போதும், வின்ச் தண்டச் செலவு என்கிறார்கள். சரியா? (ஹூஸ்டன்)

வின்ச் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. பந்தைப் பற்றிச் சொன்னது உயிரைப் பறிக்கும். டிரெய்லர் பந்து நிதானமாக இழுக்கச் செய்தது. திடீர் வெட்டிழுப்பில் அதன் கழுத்து ஒடிந்தால் கயிற்றின் விசையோடு பீரங்கிக் குண்டாகக் கண்ணாடியைத் துளைத்து வரும். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். பந்தைக் கழற்றிவிட்டு, அது சொருகியிருந்த இரண்டு அங்குல ரிசீவர் குழாய்க்குள் ஷேக்கிள் (கயிறு மாட்டும் வளையம்) பிடிக்கும் கட்டையைச் சொருகி, பூட்டுப் பின் போடுங்கள். முன்பக்கம் தொழிற்சாலை கொடுத்த கொக்கிகளைப் பயன்படுத்தலாம். பெட்டுக்குள் சரக்குக் கட்டும் வளையங்களை இதற்குத் தொடவே கூடாது.

சிக்கியதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்ற ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி, காற்றை 15-க்கு இறக்கி, சக்கரத்தின் முன்னும் ஆக்சிலுக்கு அடியிலும் மண்ணை வாரி, டிராக்ஷன் பலகையை (டயருக்குப் பிடிமானம் தரும் பலகை) டயருக்கு அடியில் நன்றாகத் திணித்து, 4-லோவில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான கியர்) மெல்ல நகர்த்துங்கள். பெரும்பாலும் இதிலேயே வெளியே வந்துவிடும்.

வராவிட்டால் கைனடிக் கயிறு. ரப்பர் போல நீளும் நைலான் கயிறு இது. 7,000 பவுண்டு வண்டிக்கு 7/8 அங்குலத் தடிமன், 30 அடி நீளம். இரு முனையிலும் சாஃப்ட் ஷேக்கிள் (கயிற்றால் ஆன வளையம்). இழுக்கும் வண்டி சில அடி தொய்வு விட்டு, நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடினால் போதும். எல்லாரும் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். நீளாத சாதாரண டோ பட்டையை வைத்து இப்படி வெட்டி இழுத்தால் கொக்கியோ சேஸோ பிய்யும்.

இந்தக் கயிறுக்கு இன்னொரு வண்டி வேண்டும். தனி வண்டியாகப் போவீர்கள் என்றால் மட்டும் வின்ச் யோசியுங்கள். வண்டியின் மொத்த எடை வரம்பைப்போல ஒன்றரை மடங்கு என்பது கணக்கு. 7,000-க்கு 10,500 வருகிறது, கடையில் கிடைப்பது 12,000. அந்த எண்கூட உருளையில் கடைசி அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான் உண்மை. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தால் இழுவை குறையும். அதோடு, கட்டுவதற்கு மரமோ பாறையோ வேண்டும். பாலைவனத்தில் எதில் கட்டுவீர்கள்?

கேள்வி: பெட்டில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டில் 50 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் மாட்டியிருக்கிறேன். என்ஜின் ஓடும்போதே அடிக்கடி நின்று பிழை காட்டுகிறது. ஃபிரிட்ஜ் கோளாறா? (அட்லான்டா)

வயர் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் கரண்ட் எகிறும். நீளமான மெல்லிய வயரில் அப்போது வோல்டேஜ் சரியும். பேட்டரி காலி என்று நினைத்து ஃபிரிட்ஜ் அணைந்துகொள்ளும். சோதிக்க, ஃபிரிட்ஜின் பேட்டரிப் பாதுகாப்பை 'லோ'வுக்கு மாற்றிப் பாருங்கள். நின்றுபோவது குறைந்தால் குற்றவாளி வயர்தான்.

சரியான வழி, பெட்டில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, அதற்கு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், முன் பேட்டரியிலிருந்து தடித்த வயர். 20 அடி தூரத்துக்கு, போகவரச் சேர்த்து 40 அடி, 10-ஆம் கேஜ் வயர் போட்டால் 30 ஆம்பியரில் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதைவிடத் தடித்த 4-ஆம் கேஜ் போட்டால் 0.3 வோல்ட்தான் போகும். இரண்டு பேட்டரிகளுக்கும் பக்கத்திலேயே ஆளுக்கொரு ஃபியூஸ் கட்டாயம். இன்றைய வண்டிகள் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானாகக் குறைத்துவிடுவதால், சார்ஜர் இல்லாமல் நேராக இணைத்தால் பின் பேட்டரி நிறையாது. லித்தியம் பேட்டரியை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. கொலராடோ மலையில் அக்டோபர் இரவிலேயே அந்தக் குளிர் வந்துவிடும். சூடேற்றும் வசதியுள்ள பேட்டரியை வாங்குங்கள்.

உங்களுடையது ஹைப்ரிட் எஃப்-150 என்றால் இந்தச் செலவே வேண்டாம். பெட்டில் வீட்டு மின்சார பிளக் இருக்கிறது. ஒரு கிலோவாட்-மணி போர்ட்டபிள் பவர் ஸ்டேஷனை ஓட்டும்போது அதில் மாட்டி வைத்தால் இரவுக்குப் போதும்.

கேள்வி: ஐந்தரை அடி பெட்டில் படுக்க முடியுமா? (சியாட்டில்)

உள்ளளவு 67 அங்குலம். ஐந்தடி ஏழுக்குக் கீழே இருந்தால் படுக்கலாம். இல்லையென்றால் டெயில்கேட்டைத் திறந்து வைக்க வேண்டும், குளிரும் கொசுவும் உள்ளே வரும். ஆறரை அடி பெட் 79 அங்குலம். ஆனால் வண்டி ஒரு அடி நீண்டு, கொலராடோ மலைப்பாதைகளின் ஊசிமுனைத் திருப்பங்களில் முன்னும் பின்னும் எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: வேறு பாகம் மாட்டினால் வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டுகிறார். அதற்குப் பதில், யாரோ எல்லாம் செய்து முடித்த பழைய வண்டியையே வாங்கலாமா? (சார்லட்)

மாட்டியதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்ய முடியாது. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் உங்கள் பக்கம். நீங்கள் மாட்டிய பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். லிஃப்ட் போட்டபின் முன் ஆக்சில் ஜாயின்ட் போனால் அவர்கள் எளிதாகக் காட்டிவிடுவார்கள் என்பதும் உண்மை. மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஸ்டீல் பம்பர் போடுவதென்றால், குரூஸ் கன்ட்ரோல் ரேடாரும் பார்க்கிங் சென்சாரும் அதில் மறையாதா என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள்.

பழைய வண்டி என்றால் அடியில் படுத்துப் பாருங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்து முன், பின் டிஃபரென்ஷியல் ஆயிலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் விட்ட டீ போல இருந்தால் ஆற்றில் இறக்கிய வண்டி. பானட்டுக்கடியில் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஓடும் வயர் இரண்டு மூன்று தெரிந்தால் விலையில் மொத்த ரீவயரிங் செலவைக் கழியுங்கள். 35 டயர் போட்டிருந்தால் கியர் விகிதம் மாற்றியிருக்கிறாரா, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது டாப்பர், வின்ச், டென்ட் எல்லாவற்றையும் விலையோடு எழுதிக் கொடுத்து, கூடுதல் பாகங்களுக்கான கவரேஜைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சாதாரண பாலிசியில் அவற்றுக்குக் கிடைக்கும் தொகை மிகக் குறைவு.