வேதியியல் ஆய்வுக்கு ஏன் தத்துவப் பட்டம்?

கேள்வி: என் மகள் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறாள். ஆனால் சான்றிதழில் ‘டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி’ என்று இருக்கிறது. தத்துவத்துக்கும் வேதியியலுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தங்கள் மகளுக்கு வாழ்த்துகள். பழைய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் புலங்கள் இருந்தன. எஞ்சிய கல்வி முழுவதும், கணிதமும் இயற்கை ஆய்வும் உட்பட, ஜெர்மனியில் ‘ஃபிலாசஃபி புலம்’ என்ற ஒரே கூரையின் கீழ் வந்தது. அப்புலம் அளித்த பட்டமே 1861-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் உலகெங்கும் சென்றது.

அத்தனை துறைகளுக்கும் இச்சொல் இடம் கொடுத்ததற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஃபிலோ’ என்பது அன்பையும் ‘சோஃபியா’ என்பது ஞானத்தையும் குறிக்கும். தம்மை முதன்முதலில் இப்பெயரால் அழைத்துக்கொண்டவர் பித்தாகரஸ் என்பது மரபு. ஒலிம்பியா விழாவுக்குச் சிலர் பரிசு வெல்லவும் சிலர் வாணிகம் செய்யவும் வர, வேறு சிலர் நடப்பதைக் கூர்ந்து பார்ப்பதற்கென்றே வருவதுபோல, வாழ்வைக் காண வந்தவர்களே ஃபிலாசஃபர்கள் என்று அவர் விளக்கியதாக ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். அவர் எழுதியது பித்தாகரஸ் மறைந்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு என்பதால், இதை வரலாறாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் சான்று இன்னும் உறுதியானது: அறிவு வேட்கையால் பல நாடுகளைச் சுற்றிவந்த ஏதென்ஸ் அறிஞர் சோலோனைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் இச்சொல்லின் வினைவடிவைக் கையாள்கிறார்.

பிளேட்டோ இதை மேலும் நுட்பமாக்கினார். தேவர்கள் ஞானத்தைத் தேடுவதில்லை, அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; அறியாமையில் கிடப்பவர்களும் தேடுவதில்லை, தங்களிடம் ஒரு குறை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது; இவ்விரு நிலைக்கும் இடையில் நிற்பவரே தேடுகிறார் என்பது அவர் கருத்து. இச்சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கங்களில் இதைவிட அழகானதை நான் படித்ததில்லை. அதே காலத்து ஐசோக்ரட்டீஸோ, தாம் கற்பித்த சொற்கலைப் பயிற்சிக்கே இப்பெயரைச் சூட்டினார்.

இந்த அகலம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட இயக்க விதிகளின் நூலுக்கு ‘இயற்கை ஃபிலாசஃபியின் கணிதக் கோட்பாடுகள்’ என்றே பெயர். தங்கள் மகளின் துறைக்கு இன்னும் நெருக்கமானது, ஜான் டால்டன் தம் அணுக்கொள்கையை விளக்கி 1808-இல் வெளியிடத் தொடங்கிய நூல். அதன் தலைப்பு ‘வேதியியல் ஃபிலாசஃபியின் புதிய முறைமை’.

அறிவியலுக்கும் ஃபிலாசஃபிக்கும் இடையிலான பிரிவு வெளிப்படையானது 1833-இல். கேம்பிரிட்ஜில் கூடிய ஆய்வாளர்கள் தங்களை ஃபிலாசஃபர்கள் என்று அழைத்துக்கொள்வதற்குக் கவிஞர் கோல்ரிட்ஜ் மறுப்புத் தெரிவிக்க, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் ‘சயின்டிஸ்ட்’ என்ற புதுச்சொல்லை முன்மொழிந்தார். அச்சொல்லை இங்கிலாந்து எளிதில் ஏற்றுவிடவில்லை. மின்காந்த ஆய்வில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே கடைசிவரை ஃபிலாசஃபர் என்று அழைக்கப்படுவதையே விரும்பினார்.