காய்ச்சலோட வேலைக்குப் போறதும் அப்புறம் மாசக்கணக்குல படுக்குறதும் - ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

திருப்பூர்ல ஒரு சின்ன கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறேன். ஜிஎஸ்டி ஃபைலிங் மொத்தமும் நான் ஒருத்திதான். போன வருஷம் முழுக்க காய்ச்சல் இருமல்னு எத்தனையோ தடவை, மாத்திரைய போட்டுட்டு போயி உக்காந்துட்டேன், லீவே போடல. இப்ப நிமோனியான்னு அட்மிட் ஆகி வந்து ஒரு மாசமா வீட்லதான் இருக்கேன். "அன்னைக்கே ரெண்டு நாள் படுத்திருந்தா இந்த நெலம வந்திருக்குமா"ன்னு வீட்டுக்காரர் திட்டிட்டே இருக்கார். நிஜமாவே அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

(பேரு போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

வணக்கம்மா,

உங்க நிமோனியா எதனால வந்துச்சுன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா பொதுவா சம்பந்தம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. டென்மார்க்ல கிட்டத்தட்ட 12,000 தொழிலாளர்கள வச்சு பண்ணின ஆய்வு ஒண்ணு 2009ல வந்துச்சு, வருஷத்துல ஆறு தடவைக்கு மேல முடியாமலே வேலைக்குப் போனவங்க பின்னாடி ரெண்டு மாசத்துக்கு மேல நீளமா லீவ்ல போற வாய்ப்பு 74 சதவீதம் அதிகமா இருந்திருக்கு. சீக்காளிங்கதானே ரெண்டையும் பண்ணுவாங்கன்னு தோணும். ஆனா முன்னாடி இருந்த உடல்நிலை, எடுத்த லீவு எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கிட்ட பிறகும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்துச்சு. லண்டன் அரசு ஊழியர்கள்ல ஆம்பளைங்கள மட்டும் வச்சு 2005ல வந்த ஆய்வு இன்னும் பயமுறுத்துது, உடம்பு சரியில்லாமலும் லீவே போடாதவங்களுக்கு, அளவா லீவ் எடுத்தவங்கள விட கடுமையான இதயப் பிரச்சனை ரெண்டு மடங்கு.

அதுக்காக வீட்டுக்காரர் உங்களத் திட்டுறத நான் ஒத்துக்க மாட்டேன். 2000ல ஸ்வீடன்ல வந்த ஆய்வுல, முடியாமலும் வேலைக்குப் போறவங்க அதிகமா இருந்தது நர்சுங்க, டீச்சருங்க மாதிரி வேலைகள்ல, அதோட லீவ் போட்டாலும் அந்த வேலைய வேற யாரும் பாக்கமாட்டாங்க, வந்து நாமளேதான் முடிக்கணும்ங்கிற நெலமைல இருக்கறவங்கதான் அப்படி போறாங்கன்னு தெரிஞ்சுச்சு. உங்க சீட்டும் அதேதான். மாசாமாசம் 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ம் தேதி 3பின்னு ரெண்டு ரிட்டர்ன், ஒரு நாள் தாண்டினா லேட் ஃபீஸ், போர்ட்டல் ஓடிபி வர்றது உங்க ஃபோனுக்கு, பர்ச்சேஸ் பில் எந்த ஃபைல்ல இருக்குன்னு தெரிஞ்சதும் நீங்க மட்டும், இதுல 19ம் தேதி காய்ச்சல் வந்தா யாருதான் வீட்ல படுப்பாங்க? இத உங்க பிடிவாதம்னு சொல்றது அநியாயம். ரெண்டாவது ஆளப் பழக்காம விட்டது முதலாளி, அதுக்கு உடம்பக் குடுத்தது நீங்க.

சம்பளம் 21,000க்குள்ளன்னா ஸ்லிப்ல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிப்பாங்க, பாருங்க. பிடிச்சா இந்த மாசம் சும்மா போக வேண்டியதில்ல. இஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா, பணம் கட்டின நாள் கணக்கு சரியா இருந்தா, தினசரி சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். நிறைய பேரு ஆஸ்பத்திரி மருந்துக்கு மட்டும்தான் இஎஸ்ஐன்னு நெனச்சுட்டு இத கேக்காமலே விட்டுடறாங்க, எனக்கு அதுதான் ஆத்திரமா வருது. தனியார் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகியிருந்தா டிஸ்சார்ஜ் பேப்பர எடுத்துக்கிட்டு உங்க டிஸ்பென்சரில இந்த வாரமே போயி கேளுங்க.

திரும்ப வேலைக்குப் போற முதல் நாளே, ஃபைலிங் கத்துக்க இன்னொரு ஆள் பக்கத்துல உக்காரணும்னு முதலாளிகிட்ட கேளுங்க, ஓடிபி நம்பரையும் ஆபீஸ் நம்பருக்கு மாத்தச் சொல்லுங்க.