பழைய டெலி லென்ஸ் வாங்குமுன்: கேள்வி பதில்

பறவைப் படம் எடுக்க, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸைச் செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

வேடந்தாங்கலுக்குக் கேனான் 400 எம்எம் எஃப்5.6 (எஃப் எண் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் திறப்பின் அளவு) வாங்கவா, பழைய 100-400 ஜூம் வாங்கவா?

400தான். அங்கே பறவைகள் ஏரி நடுவில் மரத்தின் மேல், நாம் கரையில். ஜூம் வைத்திருந்தாலும் 400-லேயே நிற்கப் போகிறீர்கள். 1993-இல் வந்த லென்ஸ், 1,250 கிராம்தான், நாள் முழுக்கத் தூக்கலாம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. ஆனால் பறக்கும் நாரைக்கு ஷட்டரை 1/1600 நொடியைவிட வேகமாக வைப்பீர்கள், அப்போது அது தேவைப்படாது. ஒரே குறை, 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. தட்டானும் பட்டாம்பூச்சியும் வேண்டுமென்றால் 100-400 பக்கம் போங்கள்.

விற்பவர் லென்ஸின் படங்கள் அனுப்பியிருக்கிறார். அட்வான்ஸ் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

நேரில் எதைப் பார்ப்பது?

உங்கள் கேமராவும் ஒரு டார்ச்சும் கையில் இருக்கட்டும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் விட்டுவிடலாம், படத்தில் தெரியாது. கண்ணாடி ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, ட்ரைபாடில் வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது, கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம்.

நிக்கான் டி5300-க்குப் பழைய ஏஎஃப் 300 எஃப்4 சரிவருமா?

மாட்டலாம், ஆட்டோ ஃபோகஸ் வராது. அந்த பாடியில் மோட்டார் இல்லை. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகையாகப் பாருங்கள்.

பூஞ்சை இருந்தால் என்ன? வெயிலில் வைத்தால் போய்விடுமே. என் மாமா அப்படித்தான் செய்வார்.

போகாது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். பூஞ்சை செத்தாலும் அரித்த தடம் அப்படியே இருக்கும். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களுக்கு வரும். மூடியைத் திறந்து 400 எம்எம் லென்ஸை வெயிலில் வைத்தால், பின்னால் இருக்கும் துணியே பற்றிக்கொள்ளும்!

அவர் லென்ஸில் போனதை என் கண்ணால் பார்த்தேன் சார்.

வெளிக் கண்ணாடியில் இருந்ததைத் துடைத்திருப்பார். உள்ளே இருப்பது துணிக்கு எட்டாது. மாமாவிடம் கேட்டு, அதே லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி இன்னும் பெரிதாக்கும் 1.4 கன்வெர்ட்டர் போட்டால்?

எஃப்5.6 லென்ஸ் எஃப்8 ஆகிவிடும், அதாவது வெளிச்சம் குறையும். பல டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோ ஃபோகஸ் நின்றுவிடும்.

கல்யாண வீடியோவுக்கு 70-200 எப்படி?

வீடியோ எடுப்பவரிடம் கேளுங்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது, படம் பளிச்சென்று இருக்கிறது…

மேலே சொல்லியாயிற்று. நேரில், டார்ச்சோடு.

சார், டார்ச் அடித்தேன். நடுக் கண்ணாடியில் நூல் நூலாக இருக்கிறது. மாமாவிடம் என்ன சொல்வது?

லென்ஸ் தோல் பையில் இருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள், தோலில் ஈரம் தங்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கட்டும். ஜெல்லின் நீல மணிகள் ஈரம் உறிஞ்சி இளஞ்சிவப்பானால் வறுத்துத் திரும்பப் போடலாம். மற்ற லென்ஸ்களையும் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.